ஓபர்ஹவுசன் குறும்பட விழா

புதிய செருமானியத் திரைப்பட வரலாறு கூறுவோர் 1962-ஆம் ஆண்டு ஓபர்ஹவுசன் அறிக்கையையே தொடக்கமாகக் கொள்வர். அவ்வறிக்கைக்கு நிலைக்களமாயிருந்த திரையிடலும் உடன் கருதத்தக்கது என்பது நம் கருத்து.

நிலக்கரியாலும் எஃகாலும் வளர்ந்த தொழில்நகரம் ஓபர்ஹவுசன். அங்கு முதியோர் கல்விக்கூடத் தலைவராக விளங்கிய ஹில்மார் ஹோப்மன் 1954-இல் குறும்பட விழாவைத் தொடங்கினார். படம் காட்டுதலும் கல்விப்பணியாயிற்று. 1958 முதல் 'அயலாரை அடையும் வழி' என்பது விழாவின் குறிக்கோளுரையாய் விளங்கிற்று. ஐரோப்பா இரு கூறாய்ப் பிளவுண்டிருந்த அந்நாளில், கிழக்கு நாட்டுப் படங்களும் மேலைநாட்டுப் படங்களும் ஒரே அவையில் காட்டப்பெற்றன. பகைவர் எனக் கேள்வியுற்றோரின் வாழ்வை நகரமக்கள் கண்ணாரக் கண்டனர்.

அவ்விழாவிலேயே, 28-2-1962 அன்று, 26 கலைஞர்கள் புதிய திரைப்படம் படைக்கும் உரிமையைக் கோரினர். செருமானியக் குறும்படங்கள் பன்னாட்டு விழாக்களிற் பெற்ற பரிசுகளையே தம் தகுதிக்குச் சான்றாகவும் காட்டினர். ஆதலின், அறிக்கையை ஆராய்வோர் அதற்கு முற்பட்ட எட்டாண்டுத் திரையிடலையும் ஒருங்கே ஆராய்தல் வேண்டும்.