பொய்ச் செய்தியும் பொய்க் கூட்டமும்: செயற்கை நுண்ணறிவுக் காலத்தில் பொதுக்கருத்து

2023 செப்டம்பர் 30 அன்று ஸ்லோவாக்கியாவில் நாடாளுமன்றத் தேர்தல் நடந்தது. பிரச்சாரம் ஓய்ந்திருந்த கடைசி இரண்டு நாட்களில், முற்போக்கு ஸ்லோவாக்கியா கட்சித் தலைவர் மிகல் ஷிமெச்கா ஒரு பத்திரிகையாளருடன் வாக்குகளை விலைக்கு வாங்குவது பற்றிப் பேசுவதாக ஓர் ஒலிப்பதிவு சமூக ஊடகங்களில் பரவியது. அது போலி என்று இருவரும் மறுத்தனர். 2024 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநில வாக்காளர்களுக்குத் தொலைபேசியில் ஜோ பைடனின் குரல் கேட்டது. வேட்பாளரைத் தெரிவுசெய்யும் முதற்கட்டத் தேர்தலில் வாக்களிக்கப் போக வேண்டாம் என்றது. அதுவும் இயந்திரம் செய்த குரல். இந்தியாவில் மக்களவைத் தேர்தல் நடந்துகொண்டிருந்த 2024 மே 6 அன்று, ஆழ்போலிப் பதிவுகள் கவனத்துக்கு வந்த மூன்று மணி நேரத்துக்குள் அவற்றை நீக்கிவிட வேண்டும் என்று தேர்தல் ஆணையம் கட்சிகளுக்கு அறிவுறுத்தியது. இத்தகைய நிகழ்வுகளை வைத்து நடக்கும் விவாதங்கள் அனைத்துக்கும் அடியில் ஓர் அனுமானம் இருக்கிறது: செயற்கை நுண்ணறிவால் மக்களாட்சிக்கு வரும் கேடு, ஒரு குடிமகன் ஒரு பொய்யை நம்பிவிடுவதுதான் என்பது. அந்தக் கேடு உண்மையானது. ஆனால் முதன்மையானது அதுவல்ல என்பதே இக்கட்டுரையின் வாதம். சக குடிமக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது பற்றி நமக்கிருக்கும் அறிவை இயந்திரம் கெடுத்துவிட முடியும். அந்தக் கேடு பெரிது, ஆனால் அதைக் குறித்து நாம் பேசுவது குறைவு.

பிறருடைய கருத்து நமக்கு அளவுகோலாகிறது என்பதற்குச் சமூக உளவியலில் முக்கால் நூற்றாண்டுக்குச் சான்றுகள் உள்ளன. சாலமன் ஆஷ் 1951இல் வெளியிட்ட சோதனை எல்லாப் பாடநூல்களிலும் உண்டு. கோடுகளின் நீளத்தை ஒப்பிட்டுச் சொல்லும் எளிய வேலை. அறையில் இருந்த மற்றவர்கள் அனைவரும் ஆய்வாளரின் ஆட்கள். அவர்கள் ஒருமித்துத் தவறான விடையைச் சொன்னபோது, சோதனைக்கு உள்ளானவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தடவைகளில் அதே தவறைச் சொன்னார்கள். மனிதர் மந்தை என்பதற்கு இச்சோதனையைச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. அது சரியான வாசிப்பு அல்ல. மூன்றில் இரண்டு பங்கு தடவைகளில் அவர்கள் தம் கண்ணையே நம்பினார்கள். நம் பொருளுக்கு முக்கியமானது ஆஷ் செய்த மற்றொரு மாற்றம்: கூட்டத்தில் ஒரே ஒருவர் உண்மையைச் சொன்னால் போதும், இணங்கிப்போவது வெகுவாகக் குறைந்தது. அப்படியானால் கூட்டத்தின் அளவைவிட அதன் ஒருமிப்பே தனிமனிதரை அதிகம் அழுத்துகிறது. ஒருமிப்பு இருப்பதாகக் காட்டுவதற்கு ஒரு கருவி கிடைத்தால் அது எத்தகைய ஆற்றல் என்பதையும் இதிலிருந்தே ஊகிக்கலாம்.

ஆய்வுக்கூடத்துக்கு வெளியிலும் இது நிலைக்கிறது. 2010இல் அமெரிக்க நாடாளுமன்றத் தேர்தல் நாளன்று ஃபேஸ்புக்கில் 6 கோடியே 10 லட்சம் பேரிடம் ஒரு சோதனை நடந்தது. முடிவுகள் 2012இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தன. வாக்களியுங்கள் என்ற வெறும் செய்தியால் பயன் ஏதும் தெரியவில்லை. வாக்களித்துவிட்டதாகச் சொன்ன நண்பர்களின் முகங்களோடு அதே செய்தி வந்தபோது வாக்களித்தோர் எண்ணிக்கை கூடியது. நேரடியாகவும் நண்பர்கள் வழியாகவும் கூடுதலாக விழுந்த வாக்குகள் சுமார் 3 லட்சத்து 40 ஆயிரம் என்று ஆய்வாளர்கள் கணித்தனர். சவூதி அரேபியாவின் ரியாத் நகரில் நடந்து 2020இல் வெளியான ஆய்வு இன்னும் கூர்மையானது. பெண்கள் வீட்டுக்கு வெளியே வேலை பார்ப்பதை அங்குள்ள இளம் கணவர்களில் மிகப் பெரும்பாலோர் தனிப்பட்ட முறையில் ஆதரித்தார்கள். ஆனால் தம்மைப் போன்ற பிறர் ஆதரிக்கமாட்டார்கள் என்று நினைத்தார்கள். பிறரின் உண்மையான கருத்தைத் தெரிவித்த பிறகு, தம் மனைவியை வேலைதேடும் சேவையில் பதிவுசெய்ய முன்வந்தோர் கூடினர். யாருடைய கொள்கையையும் யாரும் மாற்றவில்லை. அண்டைவீட்டார் பற்றிய கணிப்பு திருந்தியது, நடத்தை மாறியது. எலிசபெத் நோயல்-நாய்மன் 1974இல் மௌனச் சுழல் என்று விவரித்ததும் இதன் மறுபக்கமே: தாம் சிறுபான்மை என்று கருதுவோர் பேச்சைக் குறைக்கிறார்கள், அவர்கள் பேசாததாலேயே மேலும் சிறுபான்மையாகத் தெரிகிறார்கள்.

இந்த உளவியல் இயந்திரத்தோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு, மனிதரைப்போல் எழுதும் இன்றைய மொழி மாதிரிகள் வருவதற்கு முன்னரே ஓர் ஒத்திகை நடந்துவிட்டது. 2017இல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி, எல்லா இணையத் தரவையும் சமமாக நடத்தச் சொல்லும் இணையச் சமநிலை விதிகளை நீக்குவது குறித்துப் பொதுமக்களின் கருத்தைக் கேட்டது. 2 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகள் வந்தன. நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் விசாரித்து 2021 மே மாதம் அறிக்கை வெளியிட்டது: ஏறக்குறைய 1 கோடியே 80 லட்சம் கருத்துகள் போலி. அகன்ற அலைவரிசை நிறுவனங்களின் பணத்தில் விதிகளுக்கு எதிராக 85 லட்சம். விதிகளுக்கு ஆதரவாக, கற்பனைப் பெயர்களில், 19 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவர் மட்டுமே அனுப்பியவை 77 லட்சம். இரு தரப்பிலும் போலி இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். இதை ஒரு கட்சியின் குற்றமாகச் சுருக்கிவிட முடியாது. அன்று இவற்றுள் பலவும் பிடிபட்டதற்குக் காரணம், ஒரே வார்ப்பில் எழுந்த வாக்கியங்கள் லட்சக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்ததுதான். அந்தத் தடயம் விரைவிலேயே அழிந்தது. 2019இல் ஹார்வர்ட் மாணவர் ஒருவர் மொழி மாதிரியைக் கொண்டு 1,001 தனித்தனிக் கருத்துகளை உருவாக்கி, ஐடஹோ மாநில மருத்துவ உதவித் திட்டம் குறித்த அரசுத் தளத்துக்கு அனுப்பினார். அங்கே வந்த மொத்தக் கருத்துகளில் அவை பாதிக்கும் மேல். சோதித்துப் பார்த்தபோது மனிதர் எழுதியதற்கும் இவற்றுக்கும் வேறுபாடு காண வாசகர்களால் முடியவில்லை. அவர் பின்னர் அவற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். 2020இல் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதங்கள் அனுப்பினர். சில மனிதர் எழுதியவை, சில ஜிபிடி-3 எழுதியவை. உறுப்பினர்கள் பதில் அனுப்பிய விகிதத்தில் இரண்டுக்கும் இடையே இருந்த வேறுபாடு 2 சதவீதப் புள்ளிக்கும் குறைவு.

இந்தியாவுக்கு இது தொலைவான செய்தி அல்ல. 2015இல் இதே இணையச் சமநிலை குறித்துத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கருத்துக் கேட்டபோது பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் குவிந்தன. அடுத்து, கட்டண வேறுபாடு குறித்த கலந்தாய்வில், சில தளங்களை மட்டும் இலவசமாகத் தரும் தன் ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ திட்டத்துக்கு ஆதரவாக முன்கூட்டியே எழுதிய கடிதத்தைப் பயனர்களைக் கொண்டே ஃபேஸ்புக் அனுப்பவைத்தது. கேட்ட நான்கு கேள்விகளுக்கு அவற்றில் பதில் இல்லை என்று டிராய் கண்டித்தது. 2016 பிப்ரவரியில் பாகுபாடான கட்டணங்களைத் தடைசெய்தது. ஆணையத்தால் அப்படித் தரம்பிரிக்க முடிந்ததற்குக் காரணம் அக்கடிதங்கள் அச்சடித்ததுபோல் ஒன்றாக இருந்ததே. அதே பத்து லட்சமும் இன்று பத்து லட்சம் நடைகளில், கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதிலோடு, தமிழ் உட்பட எல்லா மொழிகளிலும் வர முடியும். வார்ப்புக் கடிதம் எல்லாம் மோசடி என்று நான் சொல்லவில்லை. 2015இல் இணையச் சமநிலையைக் காக்க அனுப்பியவர்களும் ஆயத்தக் கடிதத்தைத்தான் பயன்படுத்தினர். ஆனால் ஒவ்வொன்றின் பின்னும் ஓர் ஆள் இருந்தார். கலெக்டர் அலுவலக வாசலில் மனு எழுதித் தருபவர் எத்தனையோ பேருக்கு ஒரே வாசகத்தை எழுதுகிறார். அதனால் எந்த மனுவும் பொய்யாவதில்லை, ஏனெனில் கையெழுத்திடுபவர் எதிரே நிற்கிறார். மனுவை இயந்திரம் எழுதித் தருவதும் அவ்வாறே தவறில்லை. மனுதாரரையே இயந்திரம் உருவாக்கும்போதுதான் மக்களாட்சிக்குக் கேடு நேர்கிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஆய்வுலகிலிருந்தே வருகிறது. 2016 அமெரிக்கத் தேர்தலில் ரஷ்யாவின் இணைய ஆராய்ச்சி முகமை ட்விட்டரில் நடத்திய பிரச்சாரத்தை ஆராய்ந்த கட்டுரை 2023இல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் வெளிவந்தது. அப்பதிவுகளைக் கண்டதில் 70 சதவீதம் வெறும் 1 சதவீதப் பயனர்களிடம் குவிந்திருந்தது. கண்டவர்களின் மனப்பாங்கிலோ வாக்களிப்பிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் தென்படவில்லை. எனவே அச்சம் மிகையானது என்பர் சிலர். இந்த முடிவை நான் அப்படியே ஏற்கிறேன். என் வாதத்துக்கு அது துணையே செய்கிறது. பிரச்சாரம் மனத்தை எளிதில் மாற்றுவதில்லை என்பதே அது சொல்வது. ரியாத் கணவர்களின் மனமும் மாறவில்லை. ஆனால் அவர்கள் செய்தது மாறியது. நீங்கள் எந்தக் கட்சியை ஆதரிக்கிறீர்கள் என்று கேட்டு மாற்றத்தைத் தேடினால், எத்தனை பேர் பேசாமல் ஒதுங்கினார்கள், எந்த அதிகாரி எந்தத் தரப்பைப் பெரும்பான்மை என்று எண்ணிக் கோப்பை நகர்த்தினார் என்பன கண்ணில் படாது. எஃப்சிசி விவகாரத்தில் எந்த வாக்காளரையும் யாரும் ஏமாற்ற வேண்டியிருக்கவில்லை. மக்களைக் கேட்பதற்கென்று அரசு திறந்துவைத்த வாசலையே அடைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

கூலிக்குக் கூட்டம் சேர்ப்பது எக்காலத்திலும் உண்டு, இதில் புதிது என்ன என்பது இரண்டாம் மறுப்பு. லாரியில் ஆட்களை ஏற்றி வந்து மைதானத்தை நிரப்புவதை நம் ஊர்களும் அறியும். ஆனால் அந்தக் கூட்டத்துக்கு இயல்பான வரம்புகள் இருந்தன. ஆளுக்குப் பணமும் சாப்பாடும் தர வேண்டும். ஓர் ஆள் ஒரு நேரத்தில் ஓரிடத்தில்தான் நிற்க முடியும். வெளியூர் முகங்களை உள்ளூர்க்காரர் கண்டுகொள்வார்கள். வந்தவர் திரும்பிப் போய் நடந்ததைச் சொல்லவும் செய்வார். செலவு, உடல், சாட்சி ஆகிய மூன்றும் சேர்ந்து பொய்யின் அளவைக் கட்டுப்படுத்தின. மொழி மாதிரி மூன்றையும் ஒரே நேரத்தில் நீக்குகிறது. மேடைக்கு முன் திரண்ட கூட்டம் கேட்டுக் கைதட்டியது. இயந்திரக் கூட்டம் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் சொல்கிறது, வாதாடுகிறது, அனுதாபம் காட்டுகிறது. ஆஷின் சோதனையில் தனித்து நின்றவரைக் காப்பாற்றிய அந்த ஒரு துணைக்குரலையும் அதனால் போலியாகச் செய்து தர முடியும்.

இதன் எதிர்ப்பக்கத்தையே நான் அதிகம் அஞ்சுகிறேன். போலிக் கூட்டம் சாத்தியம் என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகு, உண்மையான கூட்டத்தையும் போலி என்று தள்ளிவிடலாம். 2024 ஆகஸ்டில் டெட்ராய்ட் விமான நிலையத்தில் கமலா ஹாரிஸை வரவேற்க ஆயிரக்கணக்கானோர் திரண்டதைச் செய்தியாளர்கள் நேரில் பார்த்தனர். படம் செயற்கை நுண்ணறிவால் ஆனது, அங்கே யாரும் இல்லை என்று டொனால்ட் டிரம்ப் எழுதினார். சட்ட அறிஞர்கள் ராபர்ட் செஸ்னியும் டேனியல் சிட்ரனும் இதைப் பொய்யரின் ஆதாயம் என்று முன்பே குறித்திருந்தனர். டெட்ராய்ட் கூட்டத்துக்குக் கேமராக்களும் ஒரு பெரிய கட்சியும் சாட்சியாக நின்றன. நிலத்தைக் காக்க ஒரு சிற்றூர் அனுப்பும் முந்நூறு மனுக்களுக்கு அப்படி யார் சாட்சி? இவை ‘பாட்’ எனும் தானியங்கி நிரல் எழுதியவை என்ற ஒரு சொல்லில் அவற்றை ஒதுக்கிவிடலாம். வேறு வலிமை இல்லாதவர்களுக்கு எண்ணிக்கைதான் வலிமை. எண்ணிக்கை மதிப்பிழக்கும்போது முதலில் இழப்பவர்களும் அவர்களே.

செயற்கை நுண்ணறிவு மக்களாட்சிக்கு உதவவும் செய்கிறதே என்ற கேள்விக்கும் பதில் வேண்டும். 2024இல் ‘சயன்ஸ்’ இதழ் வெளியிட்ட ஆய்வில், சதிக் கோட்பாடுகளை நம்பிய ஈராயிரத்துக்கும் மேற்பட்டோர் ஜிபிடி-4 உடன் உரையாடினர். அவர்களின் நம்பிக்கை சராசரியாக 20 சதவீதம் குறைந்தது, இரண்டு மாதம் கழித்தும் அந்தக் குறைவு நீடித்தது. தாம் பேசுவது இயந்திரத்தோடு என்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்ததால் பயன் கெட்டுவிடவில்லை. இதற்கு நேர்மாறாக, சூரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ரெடிட் விவாதக் குழு ஒன்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இயந்திரப் பதில்களை, மனிதர் எழுதியவைபோல், பாலியல் வன்முறைக்கு ஆளானவர் போன்ற பொய் அடையாளங்களிலும், யாருக்கும் சொல்லாமல் இட்டது 2025 ஏப்ரலில் வெளிப்பட்டபோது எழுந்த சினம் நியாயமானது. முதலாவது, முகத்தை மறைக்காத வாதம். இரண்டாவது, சக குடிமகன் என்ற தகுதியைத் திருடிய வாதம். இயந்திரம் மனிதராக நடிக்கக் கூடாது என்ற விதி இவ்விரண்டையும் பிரித்துவிடும். தேர்தல் தொடர்பான ‘பாட்’ கணக்குகள் தம்மை வெளிப்படுத்த வேண்டும் என்ற சட்டம் கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. எல்லாக் கருத்துக்கும் ஆதார் கேட்பது தீர்வாகாது. அரசை எதிர்த்துப் பேசுவோர் பெயரை மறைக்கும் உரிமையை அது பறித்துவிடும். வெளியில் பெயர் தெரியாமலே, பின்னால் ஓர் ஆள் உண்டு என்பதை மட்டும் உறுதிசெய்யும் வழிகளே தேவை. அரசுக் கலந்தாய்வுகளும் வந்து விழும் மின்னஞ்சல்களை எண்ணுவதோடு நில்லாமல், கிராம சபைகளிலும் நேரடிப் பொது விசாரணைகளிலும், ஆட்கள் உடலோடு வந்து பேசும் இடங்களில், கருத்தைக் கேட்க வேண்டும்.

இந்தியாவில் சட்ட வரைவுகளைக் குறைந்தது 30 நாள் பொதுமக்களின் பார்வைக்கு வைக்க வேண்டும் என்ற முன்சட்டக் கலந்தாய்வுக் கொள்கை 2014இல் வகுக்கப்பட்டது. இயந்திரம் மனு எழுதாத காலத்துக் கொள்கை அது. வந்த கருத்துகள் மனிதருடையவையா என்பதை எவ்வாறு உறுதிசெய்வது, எந்தக் காரணமும் காட்டாமல் ஒரு மனுவைப் போலி என்று தள்ள அதிகாரிக்கு உரிமை உண்டா என்ற இரு கேள்விகளுக்கும் விடை சேர்த்து அதைத் திருத்த வேண்டும். அடுத்த பெரிய கலந்தாய்வு வருவதற்கு முன்பே செய்ய வேண்டும்.