இறை இரக்க பக்தி

இறை இரக்க பக்தி, இயேசுவின் திறந்த விலாவிலிருந்து பாயும் இரக்கத்தை நம்பி அவரிடம் தஞ்சமடையும் கத்தோலிக்க வழிபாட்டு மரபு. போலந்து நாட்டுத் துறவி புனித பவுஸ்தினா கோவால்ஸ்கா (1905–1938) கண்ட காட்சிகளால் இன்றைய வடிவம் பெற்றது.

இதன் வேர் விவிலியத்தில் இருக்கிறது. இரக்கத்தைக் குறிக்கும் எபிரேயச் சொல் 'ரஹமிம்', கருப்பையைக் குறிக்கும் 'ரெஹம்' என்ற சொல்லோடு உறவுடையது. பிள்ளைக்கு ஒன்றென்றால் பெற்ற வயிறு பதறும் என்கிறோமே, அந்தப் பதற்றம்தான் இது. நயின் ஊர்க் கைம்பெண்ணின் ஒரே மகனைப் பாடையில் கண்டு இயேசு மனமிரங்கினார் என்ற இடத்திலும், கிரேக்க மூலத்தில் நிற்பது குடலைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த வினையே.

பவுஸ்தினா பத்துப் பிள்ளைகளில் மூன்றாமவர். மூன்று ஆண்டுகூட முழுதாய்ப் பள்ளிக்குப் போகவில்லை. 1925-இல் வார்சாவில் மடத்தில் சேர்ந்து சமையற்கட்டிலும் தோட்டத்திலும் வாசற்காவலிலும் உழைத்தார். உருளைக்கிழங்கு வேகவைத்த பெரிய பானையை வடிக்கத் தெம்பில்லாமல் தவித்த ஒருநாள், பானைக்குள் சிவப்பு ரோஜாக்களைக் கண்டதாகத் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அவருடைய ஆன்மிகம் எவ்வளவு அன்றாடமானது என்பதற்கு இந்த ஒரு பக்கம் போதும்.

1931 பிப்ரவரி 22 அன்று புவொட்ஸ்க் நகர மடத்தில் அவர் கண்ட காட்சியில் இயேசு வெண்ணுடையில் தோன்றினார். ஒரு கை ஆசி வழங்க உயர்ந்திருந்தது; மார்பிலிருந்து சிவப்பாக ஒன்றும் வெளிறியதாக ஒன்றும் இரு கதிர்கள் வீசின. அவை சிலுவையில் குத்தப்பட்ட விலாவிலிருந்து வடிந்த இரத்தமும் தண்ணீரும். 1934-இல் வில்னியுசில் ஓவியர் கசிமிரோவ்ஸ்கி இதை வரைந்தார். தாம் கண்ட அழகு படத்தில் வரவில்லையே என்று பவுஸ்தினா அழுதார். இறை இரக்க செபமாலை 1935-இல் அதே நகரில் பிறந்தது. வழக்கமான ஐம்பத்து மூன்று மணி செபமாலையிலேயே சொல்லலாம். சாகும் தறுவாயில் இருப்போர் அருகே இதைச் சொல்வது தனிச் சிறப்பு. காசநோய் மருத்துவமனையில் கிடந்தபோது பவுஸ்தினாவே அப்படிச் செபித்தார்.

அவருடைய நோய் குணமாகவில்லை. 33 வயதில் கிராக்கோவில் இறந்தார். ஆனால் அவரது பரிந்துரையால் நடந்ததாகத் திருச்சபை ஏற்ற இரண்டு குணமளிப்புகளே 1993-இல் அருளாளர் பட்டத்துக்கும் 2000-இல் புனிதர் பட்டத்துக்கும் வழிவிட்டன. இறை இரக்கத்தை உடல்நலத்தோடு மட்டும் சுருக்கிவிடக் கூடாது என்பதற்கு, தாம் குணமாகாத அவர் வழியே பிறர் குணமானதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1959-இல் வத்திக்கான் இந்தப் பக்தியைப் பரப்பத் தடை விதித்தது. 1978 ஏப்ரலில் நீக்கியது. அதே ஆண்டு திருத்தந்தையான இரண்டாம் ஜான் பால், முன்பு கிராக்கோ பேராயராக இருந்து பவுஸ்தினாவின் புனிதர் பட்ட விசாரணையைத் தொடங்கியவர். 2000 ஏப்ரல் 30 அன்று அவரைப் புனிதராக அறிவித்து, உயிர்ப்புக் காலத்தின் இரண்டாம் ஞாயிறை இறை இரக்க ஞாயிறாக்கினார். 2005-இல் அந்த ஞாயிறுக்கு முந்தைய இரவு இறந்தார்.

இறை இரக்க ஞாயிறன்று வாசிக்கப்படும் நற்செய்தி தோமாவைப் பற்றியது. மயிலாப்பூர் சாந்தோமில் கல்லறை உள்ளதாக மரபு சொல்லும் அதே தோமா. நம்ப மறுத்த அவரிடம் இயேசு கடிந்துகொள்ளும் முன்பே தம் விலாவைக் காட்டி, கையை இடச் சொல்கிறார்.