பரிந்துரைக் கடிதம் (அமெரிக்கப் பட்டமேற்படிப்புச் சேர்க்கை)

பரிந்துரைக் கடிதம் என்பது, பட்டமேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் மாணாக்கரின் அறிவுத்திறனையும் ஆராய்ச்சிக்குரிய யோக்கியதையையும் குறித்து, அவருக்குப் பாடம் சொன்னவரோ அவர் வேலையை அருகிருந்து மேற்பார்த்தவரோ சேர்க்கைக் குழுவினருக்கு அந்தரங்கமாக எழுதும் மதிப்பீடாகும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்டத்துக்குப் பெரும்பாலும் மூன்று கடிதங்கள் கேட்கிறார்கள். பிரிட்டனில் இரண்டு போதும் என்பது பொதுவழக்கு. பரீட்சையில் என்ன எழுதினார் என்பதை மதிப்பெண் பட்டியல் காட்டிவிடும். ஆனால் விடை இன்னதென்று எவருக்குமே தெரியாத ஒரு பிரச்னையின் முன்னே நின்றால் இவர் சோர்ந்துவிடுவாரா, துருவிப் பார்ப்பாரா என்பதைப் பக்கத்திலிருந்து கண்டவரே சொல்ல முடியும் என்பதால்தான் இக்கடிதத்துக்கு இத்தனை மதிப்பு. 2020-ஆம் ஆண்டுக்குப் பின் பல துறைகள் பட்டமேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜி.ஆர்.ஈ. தேர்வைக் கட்டாயமல்ல என்று விலக்கிவிட்டதனால் அந்த மதிப்பு மேலும் கூடியது.

கடிதம் மாணாக்கர் கைக்கு வருவதில்லை. விண்ணப்பத்தில் ஆசிரியரின் பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் அவர் குறித்துவிட்டால், பல்கலைக்கழகமே ஆசிரியருக்கு ஓர் இணைப்பை அனுப்புகிறது. ஆசிரியர் அதன்வழிக் கடிதத்தைச் சேர்ப்பதோடு, தாம் கற்பித்த மாணவருள் இவர் நூற்றில் முதல் ஐவருள் ஒருவரா, முதல் பத்துப் பேருள் ஒருவரா என்று கேட்கும் கட்டங்களையும் பல இடங்களில் நிரப்ப வேண்டியிருக்கிறது. 1974-இல் நிறைவேறி, ஃபெர்பா என்று சுருக்கமாக வழங்கும் குடும்பக் கல்வியுரிமை, அந்தரங்கப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்ட மாணாக்கருக்குத் தம்மைப் பற்றிய ஆவணங்களைப் பார்க்கும் உரிமை உண்டு. எனினும் பரிந்துரைக் கடிதங்களைப் பொறுத்தவரை அவ்வுரிமையைத் தாமாகவே விட்டுக்கொடுப்பதாக எழுதித்தரவும் சட்டம் இடம் தருகிறது. விட்டுக்கொடுத்தால்தான் இடம் என்று நிறுவனம் நிர்ப்பந்திக்கக் கூடாது. ஆயினும் மாணாக்கர் பார்க்கப்போகும் கடிதத்தில் ஆசிரியர் மனம் திறந்து எழுதமாட்டார் என்ற அபிப்பிராயம் வலுத்திருப்பதால், ஏறக்குறைய எல்லோருமே விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள்.

கடிதத்தின் நீளத்துக்கும் அதன் பலத்துக்கும் சம்பந்தமில்லை. 1948 பிப்ரவரியில், கார்னெகி தொழில்நுட்பக் கழகத்தின் ரிச்சர்ட் டஃபின், பிரின்ஸ்டனிலிருந்த கணிதப் பேராசிரியர் லெஃப்ஷெட்ஸுக்கு ஜான் நாஷ் என்ற இளைஞரைப் பற்றி எழுதிய கடிதத்தில் மூன்றே வாக்கியங்கள்: விண்ணப்பித்திருக்கும் இவரைப் பரிந்துரைக்கிறேன், வயது பத்தொன்பது, ஜூனில் பட்டம் பெறுகிறார், கணித மேதை என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. எழுதியவரின் சொல்லுக்கு வாங்குபவரிடம் மதிப்பு இருந்தமையால் அது போதுமானதாயிற்று. இதைப் பார்த்து எல்லா ஆசிரியரும் மூன்று வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டால் மாணவர் கதி அதோகதிதான்.

இதனினும் ஊன்றிப் படிக்கத்தக்கது, 1913 பிப்ரவரி 26-ஆம் தேதி கில்பர்ட் வாக்கர் சென்னைச் சர்வகலாசாலையின் பதிவாளருக்கு இராமானுஜனைப் பற்றி எழுதியது. வானிலை ஆய்வகங்களின் தலைமை இயக்குநரான வாக்கர், கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முதல்வராகத் தேறியவர். சென்னைக்கு வந்த சமயத்தில், துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாயிருந்த அந்த இளைஞரின் ஏடுகள் அவருக்குக் காட்டப்பட்டன. அவற்றின் சுயமான போக்கு கேம்பிரிட்ஜ் கல்லூரியொன்றின் கணித ஃபெல்லோவினுடையதோடு ஒப்பிடத்தக்கது என்றும், முடிவுகளைப் பொதுவாக ஒப்புக்கொள்வதற்கு வேண்டிய துல்லியமும் பூர்த்தியும் இன்னும் குறைவாயிருக்கலாம் என்றும், அந்தக் கணிதப் பிரிவுகளில் தாம் தனிப்பயிற்சி பெறாதவராதலால் முழு மதிப்பைத் தம்மால் நிர்ணயிக்க இயலாது என்றும் அவர் ஒளிவுமறைவின்றி எழுதினார். தம் அறிவின் எல்லையைத் தாமே சொல்லிவிட்டவருடைய புகழ்ச்சியை எவரும் சந்தேகிப்பதில்லை. பட்டமே பெறாத இராமானுஜனுக்கு அவ்வாண்டு மே மாதத்திலிருந்து மாதம் 75 ரூபாய் உபகாரச் சம்பளம் கிடைத்தது.

இன்றைய சேர்க்கைக் குழுக்கள் தேடுவதும் அத்தகைய எழுத்தையே. மாணாக்கர் சுறுசுறுப்பானவர், ஒழுக்கமுள்ளவர் என்ற பொதுச்சொற்கள் அவர்களுடைய கண்ணில் தங்குவதில்லை; சோதனை முடிவு இரண்டு நாளும் வெவ்வேறாக வந்தபோது, கருவியின் அளவீட்டில் பிழையிருப்பதை அவரே கண்டுபிடித்தார் என்ற ஒரு வரி தங்கிவிடுகிறது. ஆகவே, பிரபலமான துறைத் தலைவரிடம் பேருக்கு ஒரு கடிதம் வாங்குவதைவிட, இறுதியாண்டு புராஜெக்டை வாரந்தோறும் பார்த்துத் திருத்திய உதவிப் பேராசிரியரிடம் வாங்குவதே உசிதம். நம் நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில், எல்.ஓ.ஆர். எனப்படும் இக்கடிதத்தை மாணவரே எழுதிக் கொண்டுவரச் சொல்லி ஆசிரியர் ஒப்பமிடும் வழக்கம் வேரூன்றியிருக்கிறது. அறுபது எழுபது பேர் ஒரே பருவத்தில் சூழ்ந்துகொண்டால் ஆசிரியர்தான் என்ன செய்வார் என்று அனுதாபப்படலாம். ஆயினும் மூன்று கடிதங்களும் ஒரே நடையில், ஒரே அடைமொழிகளோடு வந்து நிற்கும்போது, பல்லாண்டு இவற்றையே படித்துப் பழகிய குழுவினருக்குச் சங்கதி விளங்காமல் போகாது.

கேட்கும் முறையிலும் சில நியதிகள் உண்டு. டிசம்பரிலேயே கெடு முடியும் துறைகள் மிகுதியாகையால், ஆறு வாரம் முன்னதாகவேனும் ஆசிரியரை அணுகி, தம்மைப் பற்றி வலுவாக எழுத இயலுமா என்று கேட்பது வழக்கம்; அவர் தயங்கினால் அதையே விடையாகக் கொண்டு வேறொருவரை நாடுவது நலம். இசைந்தவரிடம் மதிப்பெண் பட்டியல், நோக்க அறிக்கை, அவரிடம் செய்த வேலையின் பிரதி, பல்கலைக்கழகங்களின் பெயரும் கெடு தேதியும் ஒரே தாளில் அடங்கிய பட்டியல் ஆகியவற்றைத் தர வேண்டும். கெடுவுக்குப் பத்து நாள் முன் ஒருமுறை நினைவூட்டுவதை எவரும் தப்பாக எண்ணமாட்டார்கள்.

இக்கடிதங்கள் பட்சபாதமற்றவை என்று கருதிவிடலாகாது. அமெரிக்க மருத்துவக் கல்லூரியொன்றில் ஆசிரியப் பதவிக்கு வந்த முந்நூற்றுக்கு மேற்பட்ட கடிதங்களை ஆராய்ந்து, டிரிக்ஸ், செங்கா என்னும் இருவர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், பெண்களுக்கு எழுதப்பட்டவை சராசரியாக நீளம் குறைந்திருந்தன என்றும், அவர்களது ஆராய்ச்சியைவிட உழைப்பையே மிகுதியாகப் பாராட்டின என்றும் கண்டனர். இதன் பின்னர், பரிந்துரைப்போருக்கு அனுப்பும் குறிப்புகளிலேயே இத்தகைய சொல்வழக்கைக் குறித்து எச்சரிக்கும் பல்கலைக்கழகங்களும் தோன்றியிருக்கின்றன.