த்ராஷ் மெட்டல் இசைத்தட்டுகள்: குணமும் குறையும்

த்ராஷ் மெட்டல் என்பது, பிரிட்டனின் ஹெவி மெட்டல் மரபும் பங்க் இசையின் ஆவேசமும் சங்கமித்து, 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உருப்பெற்ற அதிவேக கிதார் இசையாகும். மெட்டாலிகா குழுவின் ‘கில் எம் ஆல்’ (1983) அதன் ஆதித் தட்டுகளுள் ஒன்று.

பெருநிறுவனங்களின் ஆதரவின்றிச் சொற்பப் பிரதிகளாக வெளிவந்து, பிரசித்தி பெறாமலே மறைந்த த்ராஷ் தட்டுகளின் தலையாய குணம், வியாபார நோக்கம் தீண்டாத உத்வேகமும், தந்தியை உள்ளங்கை விளிம்பால் அடக்கி மீட்டுவதால் பிறக்கும் கூர்மையான தாளக்கட்டும் ஆகும். அற்பச் செலவில் அவசரமாகப் பதிவானமையால் பேஸ் கிதார் அமுங்கி, டிரம்ஸ் தகரம்போல் ஒலிப்பதும், முன்னோடிகளை அப்படியே அனுசரிப்பதும், ஓயாத ஒரே வேகம் செவிக்குச் சலிப்பூட்டுவதும் அவற்றின் குறைகள்.

இந்தியாவிலும் இவ்விசை ஒலித்தது: பெங்களூரில் 1998இல் தோன்றிய கிரிப்டோஸ் குழு, பழைய ஹெவி மெட்டலும் த்ராஷும் இழைந்த ‘ஸ்பைரல் அசென்ட்’ (2004), ‘தி ஆர்க் ஆஃப் ஜெமினி’ (2008) ஆகிய தட்டுகளை வெளியிட்டு, 2013இல் ஜெர்மனியின் வாக்கன் மெட்டல் இசைவிழா மேடையை எட்டியது.

ஒலிப்பதிவின் தோஷத்தை மட்டும் கொண்டு, பிரசித்தி பெறாத த்ராஷ் தட்டுகளைத் தள்ளுவது நியாயமன்று. வசதியற்ற இளைஞரின் சிரத்தை அவற்றில் அழியாது நிற்கிறது.