படம் மேலே, பெயர் கீழே: இந்திய விளம்பரத்தில் இரவல் உருவங்களின் வரலாறு

விளம்பரத் துறை ஆண்டுதோறும் அறிவிக்கும் புதிய போக்குகளில் பெரும்பாலானவை ஒரு பழைய பழக்கத்தின் மறுவடிவங்கள். மக்கள் ஏற்கெனவே விரும்பிப் பார்க்கும் ஓர் உருவத்தை எடுத்து, அதன் கீழே கடையின் பெயரையோ பொருளின் பெயரையோ போடுவதுதான் அந்தப் பழக்கம். உருவத்துக்கும் பொருளுக்கும் உறவு இருந்தாக வேண்டியதில்லை. மான்செஸ்டர் துணியில் ஒட்டி வந்த லட்சுமிக்கும் அந்தத் துணிக்கும் என்ன உறவோ, உணவு விநியோகச் செயலியின் பதிவில் முழிக்கும் நகைச்சுவை நடிகர் வடிவேலுவுக்கும் பிரியாணிக்கும் அதே உறவுதான். சுமார் ஒன்றரை நூற்றாண்டில் அச்சு நுட்பமும் ஊடகமும் பலமுறை மாறிவிட்டன. ஆனால் ஒரு கட்டத்தை அடுத்த கட்டத்திலிருந்து பிரித்துக் காட்டுவது அந்த மாற்றங்கள் அல்ல. இரவல் வாங்கிய உருவம் யாருடையது, யாரிடம் கேட்டு எடுக்க வேண்டியிருந்தது என்ற கேள்விக்குக் கிடைத்த விடைகளே இந்த வரலாற்றை நடத்தின என்பது இக்கட்டுரையின் வாதம்.

துணிப் பேலில் ஒட்டிய தெய்வம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் லங்காஷயர் ஆலைத் துணி இந்தியச் சந்தையை நிறைத்தபோது, ஒவ்வொரு துணிக் கட்டின் முகப்பிலும் பளபளப்பான வண்ணச் சீட்டு ஒன்று ஒட்டப்பட்டு வந்தது. தெய்வங்கள், அரசர்கள், யானை, புலி, நடன மாதர் என்று அவற்றில் இடம்பெறாத உருவம் குறைவு. ஆங்கிலம் படிக்கத் தெரியாத வாடிக்கையாளர் நிறுவனத்தின் பெயரைச் சொல்லிக் கேட்கவில்லை. யானை மார்க், கிளி மார்க் என்று கேட்டார். ஆகவே படமே பெயரானது. பிரிட்டனில் 1875இல் வணிகச் சின்னப் பதிவுச் சட்டம் வந்தபின், பருத்தித் துணிச் சின்னங்களின் எண்ணிக்கையைச் சமாளிக்க மான்செஸ்டரில் தனிக் கிளையே திறக்க வேண்டியிருந்தது. இந்தியாவில் 1889இல் வந்த சட்டம் போலிச் சின்னத்தைக் குற்றமாக்கியது. பதிவு முறை வந்ததோ 1940இல்தான்.

இடைப்பட்ட அரை நூற்றாண்டில் தெய்வ உருவம் யாருக்கும் சொந்தமில்லாத, ஆகவே எல்லோரும் எடுத்தாளக்கூடிய சரக்காக இருந்தது. ஐரோப்பிய ஏற்றுமதியாளர்களின் சமயப் பற்று இதற்குக் காரணமல்ல; கணக்குதான். ரவிவர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய கல்லச்சுக்கூடம் தெய்வங்களை மலிவு விலையில் வீட்டுச் சுவருக்குக் கொண்டுவந்தது. அடுத்த தலைமுறைக்குள் அதே பாணித் தெய்வங்கள் சோப்பு, மருந்து நாட்காட்டிகளில் குடியேறின. உட்வர்ட்ஸ் கிரைப் வாட்டருக்குக் குழந்தைக் கண்ணன் அகப்பட்டான். பொருத்தம் என்னவோ பிரமாதம்தான்.

சிவகாசி ஆல்பம்

இந்தப் பழக்கத்தை முறையான தொழிலாக்கிய ஊர் சிவகாசி. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பியது பலமுறை சொல்லப்பட்ட கதை. விளம்பர வரலாற்றுக்கு முக்கியமானது அதன் பக்க விளைவு. தீப்பெட்டிக்கும் பிறகு பட்டாசுக்கும் லேபிள் வேண்டும். லேபிளுக்கு லித்தோ எந்திரம் வேண்டும். எந்திரம் ஆண்டு முழுக்க ஓட வேண்டுமானால் லேபிளைத் தவிர வேறு வேலையும் வேண்டும். அப்படி வந்து சேர்ந்ததே காலண்டர்.

சிவகாசிக் காலண்டரின் வணிக அமைப்பு ஊன்றிப் பார்க்கத் தக்கது. ஆடிப்பெருக்கை ஒட்டி அடுத்த ஆண்டுக்கான மாதிரிகள் ஆல்பமாக வெளியாகும். முகவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். நகைக் கடைக்காரர், மளிகைக் கடைக்காரர், லாரி செட்டு முதலாளி எல்லோரும் ஒரே ஆல்பத்தைப் புரட்டித் தமக்குப் பிடித்த முருகனையோ மகாலட்சுமியையோ தேர்ந்தெடுப்பார்கள். அதே முருகன் திருநெல்வேலியில் ஜவுளிக் கடைக்கும் ஈரோட்டில் மஞ்சள் மண்டிக்கும் விளம்பரமாவான். மாறுவது கீழே உள்ள பட்டையில் அச்சாகும் பெயரும் முகவரியும் மட்டுமே. இன்று டெம்ப்ளேட் என்கிறோமே, அதன் முழு இலக்கணமும் இங்கே இருக்கிறது.

ஆல்பத்துக்குத் தெய்வங்களை எழுதித் தந்தவர்களில் தலையாயவர் கோவில்பட்டி கொண்டையா ராஜு (1898–1976). சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். நாடகத் திரைச்சீலைகள் தீட்டியவர். கோவில்பட்டியில் அவரைச் சுற்றி சுப்பையா, ராமலிங்கம் போன்ற சீடர்கள் கூடினார்கள். அவர்கள் பாணியில் தெய்வம் எப்போதும் நேர்முகமாகவே நிற்கும். கதையில் எந்தக் காட்சியாக இருந்தாலும் கண்கள் பார்ப்பவரை நோக்கும். பின்னணியில் நாடகத் திரையின் மலையும் அருவியும் இருக்கும். கலை விமரிசகர்கள் பலகாலம் இதை மலிவுக் கலை என்று ஒதுக்கினார்கள். அந்த நேர்முகப் பார்வையின் வணிகப் பயனை அவர்கள் கவனிக்கவில்லை. கும்பிடத் தக்க படத்தை யாரும் குப்பையில் போடுவதில்லை. தெய்வம் சுவரில் இருக்கும்வரை கடையின் பெயரும் சுவரில் இருக்கும். அப்போதிருந்த வேறெந்த விளம்பரத்துக்கும் ஒரு வீட்டின் நடுக்கூடத்தில் பன்னிரண்டு மாதம் தங்கும் உரிமை கிடைத்ததில்லை.

வீட்டாரும் விவரமானவர்கள்தாம். ஆண்டு முடிந்ததும் கடைப் பெயரை வெட்டி எறிந்துவிட்டு, படத்துக்கு மட்டும் கண்ணாடிச் சட்டம் போட்டுப் பூசை அறையில் மாட்டிய வீடுகள் ஏராளம்.

அனுமதி என்ற கேள்வி இங்கே அநேகமாக எழவே இல்லை. ஓவியத்துக்கு மொத்தமாக ஒரு விலை, தெய்வத்துக்கு விலையில்லை. அச்சகங்கள் ஒன்றன் படத்தை மற்றொன்று பார்த்து எழுதவைத்ததும் சாதாரணம். சட்டம் இந்த நடைமுறையின் ஒரு பகுதியை வெகு தாமதமாக ஒப்புக்கொண்டது. ஊதுபத்திக்கு 'ராமாயண்' என்ற பெயரைத் தனி உரிமையாக்கக் கோரிய வழக்கில், புனித நூலின் பெயரை எந்த ஒருவரும் தமக்கு மட்டும் வணிகச் சின்னமாகக் கொள்ள முடியாது என்று 2015இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆல்பம் புரட்டிய மளிகைக் கடைக்காரருக்கு இது முன்பே தெரியும்.

கையெழுத்திட்ட முகமும் கடன் வாங்கிய செய்தியும்

தெய்வத்துக்கு அடுத்த முகம் நடிகையுடையது. 1941இல் லீலா சிட்னிஸ் லக்ஸ் விளம்பரத்தில் தோன்றிய முதல் இந்திய நடிகையானார். இங்கே உருவத்துக்கு உடைமையாளர் உண்டு. ஒப்பந்தம் உண்டு, கூலி உண்டு. 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டமும் உயிரோடிருப்பவரின், அல்லது இறந்து 20 ஆண்டு ஆகாதவரின் பெயரையோ உருவத்தையோ சின்னமாகப் பதிய வந்தால் எழுத்துமூல ஒப்புதல் கேட்கப் பதிவாளருக்கு இடமளிக்கிறது. இந்தக் கட்டம் பலரும் எழுதியது. அதில் நீட்டிப் பேச அதிகமில்லை.

அமுல் செய்ததுதான் வேறு. 1966இல் சில்வெஸ்டர் டகுன்யாவும் ஓவியர் யூஸ்டஸ் பெர்னாண்டஸும் புள்ளிச் சட்டைச் சிறுமியை உருவாக்கினார்கள். முகம் நிறுவனத்துக்கே சொந்தம். இரவல் வாங்கியது அந்த வாரத்துச் செய்தியை. குதிரைப் பந்தயம், கிரிக்கெட், தேர்தல், ஊழல் எதுவானாலும் சிறுமி அதற்கு வேடம் கட்டி பம்பாயின் விளம்பரப் பலகையில் வந்து நின்றாள். இதன் வெற்றிக்குச் சொற்சிலம்பத்தைக் காரணம் காட்டுவது வழக்கம். அமுலை நடத்திய வர்கீஸ் குரியன் தந்த சுதந்திரத்தையே நான் முதற்காரணமாகச் சொல்வேன்: ஒவ்வொரு பலகையையும் நிறுவனத்திடம் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டாம் என்று அவர் விட்டுவிட்டார். நாலு மேசை ஏறி இறங்கும் நகைச்சுவை பலகைக்கு வரும்போது செய்தி ஆறிப்போயிருக்கும். இன்றும் சமூக ஊடகத்தில் சில நிறுவனக் கணக்குகள் மட்டும் கலகலப்பாக இருப்பதன் சூட்சுமம் பெரும்பாலும் இதுவே.

நேசமணியும் நீதிமன்றமும்

2019 மே மாத இறுதியில், சுத்தியல் படம் போட்டு உங்கள் நாட்டில் இதன் பெயர் என்ன என்று கேட்ட முகநூல் பதிவொன்றுக்கு, ஒரு தமிழர் 'பிரெண்ட்ஸ்' (2001) படத்தில் தலையில் சுத்தியல் விழும் காண்டிராக்டர் நேசமணியை இழுத்துப் பதில் எழுதினார். பிரதமரின் இரண்டாவது பதவியேற்பு நடந்த அதே நாட்களில், கற்பனைப் பாத்திரத்தின் தலைக் காயத்துக்காக உலகளவில் பிரார்த்தனை ஹேஷ்டேக் ஓடியது. நிறுவனங்களும் சுத்தியலோடு உள்ளே வந்தன. காட்சியோ தயாரிப்பாளருடையது, முகமோ வடிவேலுவுடையது, நகைச்சுவையைப் புதுப்பித்தவர்களோ பெயர் தெரியாத ஆயிரக்கணக்கானோர். எல்லோரையும் தேடிக் கையெழுத்து வாங்கக் கிளம்பியிருந்தால் அலை ஓய்ந்திருக்கும். வேகத்தையும் அனுமதியையும் சேர்த்துப் பெற முடியாத கட்டம் இப்படித்தான் வந்தது.

மோதல் வெளிப்பட அதிக காலம் ஆகவில்லை. 2021 ஆகஸ்டில் பாட்மின்டன் வீராங்கனை பி.வி. சிந்து டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றபோது, ஒப்பந்தமில்லாத பல நிறுவனங்கள் அவர் பெயரையும் படத்தையும் தங்கள் சின்னத்தோடு சேர்த்து வாழ்த்து வெளியிட்டன. அவருடைய மேலாண்மை நிறுவனமான பேஸ்லைன் வென்ச்சர்ஸ் சட்ட நடவடிக்கையில் இறங்கியது. வாழ்த்து எங்கே முடிகிறது, விளம்பரம் எங்கே தொடங்குகிறது என்று கோடு போடுவது கடினம். ஆனால் மூலையில் நிறுவனச் சின்னம் இல்லாத வாழ்த்தாக ஏன் அவை வரவில்லை என்று கேட்டுப் பார்த்தால் விடை தானே வரும்.

சென்னை உயர் நீதிமன்றம் இதற்கு முன்பே ஒரு வாசலைத் திறந்திருந்தது. ரஜினிகாந்த் பெயரைத் தலைப்பில் கொண்ட இந்திப் படத்துக்கு எதிரான வழக்கில், புகழ்பெற்றவர் இன்னார் என்று அடையாளம் தெரிந்தாலே போதும், மக்கள் ஏமாந்தார்கள் என்று நிறுவ வேண்டியதில்லை என்று 2015இல் அது கூறியது. 2023இல் தில்லி உயர் நீதிமன்றம் அனில் கபூருக்கு அளித்த பாதுகாப்பு அவருடைய குரலையும், அவரோடு ஒட்டிப்போன ஒற்றைச் சொல்லையும்கூட உள்ளடக்கியது. செயற்கை நுண்ணறிவால் முகத்தையும் குரலையும் புதிதாகவே வார்த்தெடுக்க முடிகிற காலத்தில் இது அவசியம்தான். எனினும் இப்பாதுகாப்பு வழக்கு நடத்த வசதியுள்ள முகங்களுக்கே எளிதில் கிட்டுகிறது. பேருந்து நிலையத்தில் யாரோ எடுத்த காணொளியால் மீம் ஆகிப்போன பெரியவர் எந்த உயர் நீதிமன்றத்துக்குப் போவார்?

பெரிய நிறுவனங்களை விட்டுச் சிறு வணிகத்தைப் பார்த்தால் சிவகாசி ஆல்பம் கைப்பேசிக்கு இடம் மாறியிருப்பது தெரிகிறது. பண்டிகை வாழ்த்துப் படங்களைத் தயாராக வைத்திருக்கும் செயலிகள் பல உண்டு. கடைக்காரர் தம் பெயர், எண், சின்னம் ஆகியவற்றை ஒருமுறை பதிந்துவிட்டால் போதும். பொங்கலுக்கும் விநாயகர் சதுர்த்திக்கும் தலைவர்களின் பிறந்தநாளுக்கும் கீழ்ப்பட்டையில் அவர் பெயரோடு படம் தயார். வாட்ஸாப்பில் அது ஒரு பகல் தங்கும். காலண்டர் படம் ஓராண்டு தாங்கியதால் ஒன்று போதுமாக இருந்தது. இதுவோ அன்றே மறைவதால் நாளுக்கொன்று வேண்டியிருக்கிறது. கொண்டையா ராஜுவின் படங்களில் மூலையில் ஓவியரின் கையெழுத்தாவது கிடந்தது. இலவசமாக எடுத்த செயலிப் படத்தின் மூலையில் செயலியின் பெயர் நிற்கிறது. சந்தா கட்டினால் அதுவும் போய், அந்த இடமும் கடைக்காரருக்கே.