தேக்காவின் புற்றரைகளும் புல்வெட்டும் பொறிகளும்

சிங்கப்பூரில் தமிழர் நடமாட்டம் மிகுந்த பகுதி தேக்கா. அப்பெயர் புல்லோடு தொடர்புடையது. ஹொக்கியன் பேசும் சீனர் இவ்விடத்தைத் 'தெக் கியா கா' என்று வழங்கினர். சிறு மூங்கில்களின் அடிவாரம் என்பது அதன் பொருள். அச்சொல்லே தமிழர் நாவில் தேக்கா ஆயிற்று. புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் தொல்காப்பியர் மரபியலில் பகுத்துரைத்தார். அப்பகுப்பின்படி மூங்கில் புல்லேயாம். பனையையும் தென்னையையும் புல்லென்பதைத் தாவரவியலார் ஏற்பதில்லை; ஆயினும் மூங்கிலைப் பொறுத்தவரை இரு சாராரின் முடிவும் ஒன்றே. நெல்லும் கரும்பும் அறுகும் மூங்கிலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது இன்றைய அறிவியலின் துணிபு. எனவே தேக்கா என்பது புல்லின் பெயரால் அமைந்த ஊர் என்று கூறின் அது மிகையன்று.

மலாய் மக்கள் இவ்விடத்தைக் 'கண்டாங் கெர்பாவ்', அதாவது எருமைத் தொழுவம் என்றனர். தமிழரோ சுண்ணாம்புச் சூளைகளை எண்ணிச் சுண்ணாம்புக் கம்பம் என்றும் அழைத்தனர். நீரும் புல்லும் உள்ள இடத்தைக் கால்நடை நாடும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிராங்கூன் சாலையை ஒட்டிக் கால்நடை வாணிகம் தழைத்தது. பஃபலோ சாலையும், கால்நடை வணிகர் ஒருவர் பெயர் தாங்கிய பெலிலியோஸ் சாலையும் அதற்கு இன்றும் சான்று பகர்கின்றன. அந்நாளில் புல்லை வெட்டப் பொறி வேண்டியிருக்கவில்லை. மாடே அப்பணியைச் செய்தது.

பந்தயத் திடல்

1842இல் சிங்கப்பூர் ஸ்போர்ட்டிங் கிளப் என்னும் சங்கம் தோன்றியது. 1843இல் சிராங்கூன் சாலைக்கு அருகே முதற் குதிரைப் பந்தயம் நடந்தது. ரேஸ் கோர்ஸ் சாலை என்ற பெயர் அதன் எச்சமே. மாடு மேய்ந்த புல்வெளியின் பக்கத்தில், மேய்ச்சலுக்கு அன்றிக் காட்சிக்கும் ஆட்டத்திற்கும் உரிய புற்றரை ஒன்று அமைந்தது. 1891இல் தொடங்கிய சிங்கப்பூர் கோல்ஃப் கிளப்பும் முதலில் ஆடியது இப்பந்தயத் திடலின் உள்வெளியிலேதான்.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைத் தெளிதல் வேண்டும். தமிழ்நாட்டு உழவர் குடியில் புல்லறுத்தல் பழைய தொழில். கருக்கரிவாளால் வரப்புப் புல்லை அறுத்துக் கட்டி, தலைச்சுமையாகக் கொணர்ந்து மாட்டுக்கு இடுவர். அங்கே வேண்டப்படுவது புல், தரையன்று. புற்றரை வளர்ப்பிலோ வேண்டப்படுவது தரை. வெட்டிய புல் வேண்டாப் பொருள். இப்பழக்கம் ஆங்கிலேயர் மாளிகைத் தோட்டங்களிலிருந்து கடல் கடந்து வந்தது. அதனைப் பேணும் உழைப்பு பெரும்பாலும் தமிழர் கைகளில் வந்து சேர்ந்தது.

பந்தயத் திடல் பின்னர்ப் பல வரலாற்று நிகழ்ச்சிகளுக்குக் களமாயிற்று. 1911 மார்ச் 16ஆம் நாள் ஜோசப் கிறிஸ்டியான்ஸ் என்னும் பெல்ஜிய விமானி சிங்கப்பூரின் முதல் விமானத்தை இங்கிருந்து பறக்கவிட்டார். 1933இல் பந்தயம் புக்கிட் தீமாவுக்கு மாறியது. பழைய திடல், நகராண்மைக் கழகத் தலைவராயிருந்த ரோலண்ட் ஃபேரரின் பெயரால் ஃபேரர் பார்க் என வழங்கலாயிற்று. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. இரண்டு நாள் கழித்து, சரணடைந்த இந்தியப் படைவீரர் சுமார் 45,000 பேர் இப்புற்றரையில் திரட்டப்பட்டனர். இந்திய தேசிய ராணுவத்தின் தோற்றுவாய் அந்தக் கூட்டமே. அதில் தமிழர் பலரும் பின்னர் இணைந்து போராடியது யாவரும் அறிந்ததே.

பொறியின் பிறப்பு

புல்வெட்டும் பொறி பிறந்த இடம் ஒரு துணி ஆலைச் சூழலாகும். இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் நகரப் பகுதி கம்பளித் துணிக்குப் பெயர் பெற்றது. நெய்த கம்பளியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மயிரை ஒரே மட்டமாகக் கத்தரிக்க அங்கே சுழலும் உருளைக் கத்திகளைப் பயன்படுத்தினர். எட்வின் பட்டிங் என்னும் பொறியாளர் அதனைக் கண்டு, துணியை மட்டம் செய்யும் கத்தி தரையையும் மட்டம் செய்யாதோ என்று சிந்தித்தார். 1830 ஆகஸ்ட் 31ஆம் நாள் தம் புனைவுக்குக் காப்புரிமை பெற்றார். 1832 முதல் இப்ஸ்விச் நகரின் ரான்சம்ஸ் நிறுவனம் உரிமம் பெற்று இதனைச் செய்யத் தொடங்கியது.

அதுகாறும் இங்கிலாந்தில் நீண்ட பிடியுள்ள அரிவாளை வீசியே புற்றரையை வெட்டினர். பனி படிந்த விடியற்காலையில், ஈரப்புல் கத்திக்கு எளிதில் இணங்கும்போது வெட்டி முடிக்க வேண்டும். வீச்சில் வடு விழாமல் வெட்டுதல் பல்லாண்டுப் பயிற்சியால் மட்டுமே கைவரும். பட்டிங்கின் பொறி அத்திறமையின் தேவையைக் குறைத்தது. தள்ளத் தெரிந்தவர் எவரும் வெட்டலாம் என்றாயிற்று.

பெரிய திடல்களுக்கு மனிதன் தள்ளும் பொறி போதவில்லை. 1840களில் குதிரை இழுக்கும் பொறிகள் வந்தன. குளம்பு பட்டுப் புற்றரை கெடாதிருக்கக் குதிரைக்குத் தோல் காலணி அணிவித்தனர். இந்தியாவில் காளை பூட்டியும் இழுத்தனர். பெரிய குதிரைப் பொறிகளில் ஓட்டுபவர் அமர இருக்கையும் அமைந்தது. அமர்ந்து ஓட்டும் வழக்கம் எண்ணெய் எஞ்சினுக்கு முன்பே தோன்றியது என்பது இதனால் விளங்கும்.

1893இல் இங்கிலாந்தின் லங்காஷயரில் ஜேம்ஸ் சம்னர் நீராவிப் பொறி ஒன்றை அமைத்தார். அதன் எடையும், நீர் கொதிக்கக் காத்திருக்கும் நேரமும் பெருந்தடையாயின. 1902இல் ரான்சம்ஸ் நிறுவனம் பெட்ரோல் எஞ்சின் பொருத்திய பொறியை விற்பனைக்குக் கொணர்ந்தது. 1914இல் அமெரிக்காவில் சார்லஸ் வொர்திங்டன் மூன்று உருளைக் கத்திகளைப் பிணைத்து ஒரே குதிரை இழுக்கும்படி செய்தார். கோல்ஃப் திடல்களுக்கும் பந்தயத் திடல்களுக்கும் இது பெருந்துணையாயிற்று.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பொறியின் போக்கு மாறியது. உருளைக் கத்தி கத்தரிக்கோல் போல் இரு விளிம்புகளுக்கிடையே புல்லை நறுக்குவது. சுழற்கத்தியோ தரைக்கு இணையாகப் பெருவேகத்தில் சுழன்று, வீச்சின் விசையாலேயே புல்லைத் துண்டிப்பது. பின்னதன் அமைப்பு எளிது, விலை குறைவு, உயர்ந்து வளர்ந்த புல்லையும் வெட்டும். 1952இல் சிட்னியில் தோன்றிய விக்டா இவ்வகையைச் சேர்ந்தது. 1963இல் ஜான் டியர் நிறுவனம் 110 என்னும் சிறு டிராக்டரை வெளியிட்டது. வீட்டுக்காரர் ஏறி அமர்ந்து தம் புற்றரையை வெட்டும் வழக்கம் அமெரிக்கப் புறநகர்களில் அதன்பின் விரைந்து பரவியது.

கத்தி வீசிய கைகள்

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பொறியின் வரவு ஒரே நாளில் கைக்கத்தியை விரட்டிவிடவில்லை. நீண்ட பிடியின் நுனியில் வளைந்த கத்தியைப் பொருத்தி, உடலோடு சுழற்றி வீசிச் சாலையோரப் புல்லை வெட்டும் தமிழ்த் தொழிலாளர் காட்சி பல்லாண்டு நீடித்தது. நகராண்மைக் கழகத்தின் தினக்கூலிப் பணிகளில் தமிழர் பெருந்தொகையினர். சாலை இட்டதும், சாக்கடை தூர்த்ததும், திடலைப் பேணியதும் அவர்களே. இன்று அதிபர் மாளிகையாகிய இஸ்தானாவை 1867 முதல் 1869 வரை கட்டியவர்கள் இந்தியக் கைதிகள். அதனைச் சூழ்ந்த பரந்த புற்றரை தேக்காவிலிருந்து நெடுந்தொலைவில் இல்லை.

1967 மே மாதம் பிரதமர் லீ குவான் இயூ தோட்ட நகரத் திட்டத்தை அறிவித்தார். நகரெங்கும் மரமும் புல்லும் பரவின. ஆயினும் புல் எளிதில் செழிக்கவில்லை. நியூசிலாந்து வல்லுநர் வந்து காரணம் கூறியதை லீ தம் நினைவுக் குறிப்பில் எழுதியுள்ளார். நியூசிலாந்து புல்வெளி நாடு; அங்கு மழை மென்மையானது. சிங்கப்பூர் மழைக்காட்டு நாடு. கடுவெயிலும் பெருமழையும் மேல்மண்ணின் சத்தை அரித்துவிடும். தொழு உரமும் சுண்ணாம்பும் இடவேண்டும் என்றனர். இஸ்தானாவின் புற்றரையில் அவ்வாறு செய்து பார்த்தபோது புல் பசுமை பெற்றது. சுண்ணாம்புக் கம்பத்தின் பழைய சரக்கு புற்றரைக்கும் மருந்தானது பொருத்தமே.

எந்நிலத்துக்கு எப்பொறி

அமர்ந்து ஓட்டும் பொறியை வாங்குமுன் நிலத்தை அளத்தல் முதற்கடமை. 50 சென்டிமீட்டர் அகலம் வெட்டும் தள்ளுபொறியோடு மணிக்கு 4 கிலோமீட்டர் நடப்பவர், கணக்கின்படி 2,000 சதுர மீட்டர் வெட்டுவார். ஒரு மீட்டர் அகலப் பொறியில் அமர்ந்து மணிக்கு 6 கிலோமீட்டர் ஓட்டுபவர் 6,000 சதுர மீட்டர் வெட்டுவார். தடம்மேல் தடம் படிவதற்கும் திரும்புவதற்கும் ஐந்தில் ஒரு பங்கு கழித்தால் முறையே 1,600, 4,800 எனக் கொள்ளலாம். 2022இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட பாடாங் திடலின் பரப்பு 4.3 ஹெக்டேர். தள்ளுபொறிக்கு அது 27 மணி நேர வேலை. அமர்பொறிக்கு 9 மணி நேர வேலை.

வீட்டுப் புற்றரைக்கு அரை ஏக்கரை, அதாவது 50 சென்ட்டை எல்லையாகக் கொள்வது பொது வழக்கு. அதற்குக் கீழ்ப்பட்ட நிலத்தில் அமர்பொறி திரும்புவதற்கே நேரம் மிகுதியாகச் செலவாகும். சிங்கப்பூரில் பழைய கறுப்பு வெள்ளை பங்களாக்கள் போன்ற சிலவற்றுக்கே அத்தகைய இடம் உண்டு. தமிழ்நாட்டிலோ ஊர்ப்புறத் தோட்ட வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் இக்கணக்குப் பயன்படும்.

அடுத்து நோக்க வேண்டியவை வாயிலும் மரமும் சரிவும் ஆம். வெட்டும் தட்டின் அகலம் வாயிலினும் மிகுந்தால் பொறி உள்ளே நுழையாது. மரங்கள் நெருங்கிய இடத்திற்கு, பின்சக்கரங்கள் தனித்தனியே இயங்கி நின்ற இடத்திலேயே திரும்பும் பொறி ஏற்றது. ஆனால் அது சரிவில் வழுக்கும். 15 பாகைக்கு மேற்பட்ட சரிவில் எந்த அமர்பொறியையும் செலுத்துதல் ஆகாது. அங்கே தள்ளுபொறியோ கைக்கத்தியோ தக்கது.

ஓட்டும் முறை

முதலில் நிலத்தில் கிடக்கும் கல்லையும் கம்பியையும் பொறுக்கி அகற்ற வேண்டும். கத்தியின் நுனி நொடிக்கு 90 மீட்டர் அளவு வேகத்தில் சுழல்வதால், அதில் பட்ட கல் துப்பாக்கிக் குண்டென வெளிப்படும். பிறகு ஓரத்தை இருமுறை சுற்றி வந்தால் திரும்புவதற்கு இடம் கிடைக்கும். அதன்பின் நிலத்தின் நீளவாட்டில் ஏர் ஓட்டுவதுபோல் மேலும் கீழும் செல்க. திருப்பங்கள் குறைய நேரம் மிஞ்சும். முன்தடத்தின் மேல் ஒரு சாண் அளவுக்கு மேல் படிய வேண்டுவதில்லை. ஒவ்வொரு முறையும் திசையை மாற்றினால் சக்கரத் தடம் பள்ளமாகாது.

ஒரு முறை வெட்டும்போது புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டலாகாது. இலை, புல்லுக்கு உணவு சமைக்கும் இடமாதலின், அதனை முற்றும் இழந்த புல் வேரும் மெலிந்து களைக்கு இடம் கொடுக்கும். நறுங்கிய துண்டுகளைத் தரையிலேயே விட்டால் மக்கி உரமாகும். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் சிங்கப்பூரில் ஈரம் உலர்ந்த முற்பகலே தக்க பொழுது. நனைந்த மண்மேல் கனத்த பொறி ஏறினால் மண் இறுகி வேர் மூச்சுவிடாது. கத்தி மழுங்கினால் புல் அறுபடாமல் கிழிபடும். மறுநாள் நுனி வெளுத்துக் காட்டும். சரிவில் குறுக்கே செல்லாது மேலும் கீழுமாக ஓட்டுக. குழந்தையை மடியில் ஏற்றுவதும், பின்னே பாராமல் பின்வாங்குவதும் உயிர்க்கேடாய் முடியும்.

2020 தந்த பாடம்

சிங்கப்பூர் மக்களில் பெரும்பாலோர் அடுக்குமாடி வீடுகளில் வாழ்கின்றனர். அவர்களுக்குத் தனிப் புற்றரை இல்லை. மாடிக்குக் கீழே உள்ள பொதுப் புற்றரையே இல்லத்துப் புற்றரை. அதனை வெட்டுவோர் கூலிக்கு வந்தவர்கள். வங்காளதேசத்தாரும் தமிழ்நாட்டாரும் அவர்களுள் பலர். அமர்பொறி திறந்த வெளியை விழுங்கிவிடும். ஆனால் சாக்கடை ஓரத்தையும் மரத்தடியையும் மேட்டையும் அது தொடாது. அவ்விடங்களை முதுகிலும் தோளிலும் எஞ்சினைச் சுமந்து, முகமூடி அணிந்து, வெயிலில் நின்று மனிதனே வெட்டுகிறான்.

2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை தொற்றைத் தடுக்கச் சிங்கப்பூர் முடங்கியது. தொழிலாளர் விடுதிகளுக்குள் அடைபட்டனர். புல்வெட்டும் பணி நின்றது. சில வாரங்களில் புல் முழங்கால் உயரம் வளர்ந்தது, காட்டுப் பூக்கள் மலர்ந்தன, வண்ணத்துப்பூச்சிகள் வந்தன. அதனைக் கண்டு மகிழ்ந்தோரும் உண்டு. கொசுவும் பாம்பும் வருமென அஞ்சியோரும் உண்டு. புற்றரை இயற்கையாய் அமைந்தது என்று எண்ணியிருந்தவர்கள், அது ஒருவர் உழைப்பால் வாரந்தோறும் நிலைநிறுத்தப்படுவது என்று அப்போது உணர்ந்தனர்.

இதிலிருந்து எழும் வினா எளியது. எவ்வளவு நிலத்தை வெட்ட வேண்டும்? ஆடுமிடமும் நடக்குமிடமும் வெட்டப்பட வேண்டும், ஐயமில்லை. பொறி செல்லாத சரிவையும் ஓரத்தையும் புல்லுக்கும் பூச்சிக்கும் விட்டுவிடலாம். அல்லது வெட்டத் தேவையற்ற செடிகளை அங்கு நடலாம். அதனால் மண் காக்கப்படும். இடர் மிகுந்த இடத்தில் மனிதன் கத்தியோடு நிற்கும் நேரமும் குறையும். நல்ல பொறியைத் தேர்வது சிக்கனம். பொறி வேண்டாத இடத்தைத் தேர்வது அதனினும் பெரிய சிக்கனம். ஞாயிறு மாலைகளில் தேக்காவின் புற்றரைகளில் அமர்ந்து ஊர்க்கதை பேசும் தொழிலாளருள், மறுநாள் காலை வேறொரு புற்றரையை வெட்டச் செல்வோரும் இருப்பர் என்பதை நகரம் மறத்தல் தகாது.