தாய்ப் பதிவும் சேய்ப் பதிவுகளும்

ஒரு கொள்முதல் விண்ணப்பத்தில் கேட்பவர் பெயர், துறை, தேதி ஆகியவை ஒருமுறைதான் வரும். கேட்கும் பொருள்கள் பத்தும் இருக்கலாம், ஐம்பதும் இருக்கலாம். எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் அடைத்தால் பெயரும் துறையும் வரிக்கு வரி திரும்ப வரும். பிரித்து வைத்தால், எந்த வரி எந்த விண்ணப்பத்தைச் சேர்ந்தது என்பதைக் குறித்து வைத்தாக வேண்டும். இங்கே விண்ணப்பம் தாய்ப் பதிவு, பொருள் வரிகள் சேய்ப் பதிவுகள்.

1960-களில் இந்தத் தொடர்பு சேமிப்பகத்தின் முகவரியாகவே குறிக்கப்பட்டது. ஜெனரல் எலெக்ட்ரிக்கில் சார்லஸ் பாக்மன் உருவாக்கிய ஐடிஎஸ் என்ற தரவுத்தள அமைப்பு, பதிவுகளைச் சுட்டிகளால் சங்கிலியாகக் கோத்தது. அப்போலோ திட்டத்தின் உதிரிபாகப் பட்டியலுக்காகப் பிறந்து 1968-இல் இயங்கத் தொடங்கிய ஐபிஎம்மின் ஐஎம்எஸ், சேய்ப் பதிவைத் தாய்க்குக் கீழே கிளையாக வைத்தது. வேகம் இருந்தது, ஆனால் அமைப்பு மாறினால் நிரல்களையும் திருத்த வேண்டியிருந்தது.

1970-இல் ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் காட் முன்வைத்த உறவுமுறை மாதிரி, முகவரி இருந்த இடத்தில் மதிப்பை வைத்தது. விண்ணப்ப எண் 4512 என்றால் பொருள் வரி ஒவ்வொன்றிலும் 4512 இருக்கும், தொடர்பு அவ்வளவுதான். இவ்வளவு பெரிய சிக்கலை இவ்வளவு எளிதாக அவிழ்த்தது வியக்கத்தக்க சாதனை. பின்னாளில் எண்ணைத் தரவுத்தளமே வழங்கத் தொடங்கியதும் ஒரு வரிசைமுறை கட்டாயமாயிற்று: தாயைச் சேமித்து, அதன் எண்ணைப் பெற்று, பிறகே சேய்களைச் சேமிக்க வேண்டும்.

இடையில் கணினி நின்றுபோனால்? ஐபிஎம்மில் ஜிம் கிரே வளர்த்த பரிவர்த்தனைக் கருத்து இதற்கு விடை தந்தது: முழுதும் பதிவாக வேண்டும், இல்லையேல் எதுவும் பதிவாகக் கூடாது. இத்தகைய பண்புகளுக்கு 1983-இல் தியோ ஹெர்டரும் ஆண்ட்ரியாஸ் ராய்ட்டரும் 'ஆசிட்' என்று பெயரிட்டனர்.

நிரலர் அல்லாதவர் கைக்கு இந்தத் தாய்-சேய் அமைப்பைக் கொண்டுசேர்த்ததில் 1992-இல் வந்த மைக்ரோசாஃப்ட் ஆக்ஸஸுக்குப் பெரும் பங்குண்டு. மேலே தாய்ப் படிவம், உள்ளே சேய்ப் படிவம். பயனர் சேய்ப் படிவத்துக்குள் நுழைந்தவுடன் தாய்ப் பதிவு தானாகவே சேமிக்கப்பட்டு, அதன் எண் சேய் வரிகளில் நிரம்பும். வரிசைமுறை அப்படியே இருந்தது. பயனர் அதை உணர வேண்டியிருக்கவில்லை.

அதிகம் நிரல் எழுதாமலே செயலிகளை உருவாக்கும் முறைக்கு 'லோ-கோட்' என்ற பெயர் 2014-இல் ஃபாரஸ்டர் ஆய்வு நிறுவனத்தின் அறிக்கையால் பரவியது. சென்னையில் வேரூன்றிய ஸோஹோவின் கிரியேட்டர், அதற்கு முன்பே 2006-இல் வந்துவிட்டது. இன்று அதிலும் துணைப் படிவ வசதி உண்டு. 2016-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த மைக்ரோசாஃப்ட்டின் பவர் ஆப்ஸிலோ பழைய வரிசைமுறை வெளிப்படையாகத் தெரிகிறது. 'பேட்ச்' கட்டளை தாயைச் சேமித்து, எண்ணோடு கூடிய பதிவைத் திருப்பித் தரும். அந்த எண்ணைக் கொண்டு 'ஃபார்ஆல்' ஒவ்வொரு சேயையும் எழுதும். இவை தனித்தனிச் சேமிப்புகள் என்பதால், பாதியில் இணைப்பு அறுந்தால் தாயும் சில சேய்களும் மட்டுமே எஞ்சும். ஆகவே கவனமுள்ளவர்கள் தாய்ப் பதிவை முதலில் 'வரைவு' நிலையில் சேமித்து, கடைசிச் சேயும் பதிவான பிறகே 'சமர்ப்பிக்கப்பட்டது' என்று மாற்றுகின்றனர். ஒப்புதலுக்கான அடுத்த படி அந்த மாற்றத்துக்குப் பிறகே தொடங்கும்.